வாசகர் கேள்விகள்: அலபாமாவின் இரும்பு, பருத்தி, பஸ் கட்டணம்

சென்ற இதழில், கிழக்கிலங்கையின் பெரிய நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டமான கல்லோயாத் திட்டம் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதியபோது, அத்திட்டத்துக்கான மாதிரி ஐக்கிய அமெரிக்காவின் தெற்கே ஓடும் டென்னசி ஆற்றில் இருந்து வந்தது என்றும், அந்த ஆற்றின் பெரிய அணைகளுள் மூன்று அலபாமா மாநிலத்தில் இருக்கின்றன என்றும் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தோம். அந்த ஒரு வரி கடிதக் கட்டாகத் திரும்பி வந்துவிட்டது. ஆகவே இம்முறை முழுப் பகுதியையும் அலபாமாவுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பெரும்பாலான கடிதங்கள் கடந்த நூற்றாண்டின் முப்பதுகளில் இருந்து அறுபதுகள் வரையான காலத்தையே சுற்றி வருவதால் பதில்களும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கும். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோரையும் ஊரால் மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

ஆசிரியர் ஐயா, நான் நீர்ப்பாசன வேலைகளில் முப்பது ஆண்டுகள் கழித்தவன். எனக்கு மேலிருந்த மூத்த பொறியியலாளர்கள் கல்லோயாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘டீ.வீ.ஏ.’ என்பார்கள். அது என்ன? நமக்கும் அதற்கும் என்ன உறவு?
– வெள்ளவத்தையில் இருந்து ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர்

டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை என்பதன் சுருக்கமே டீ.வீ.ஏ. அதன் கதை ஒரு போரில் தொடங்குகிறது. முதலாம் உலகப் போரின்போது வெடிமருந்துக்கு வேண்டிய நைத்திரேற்றைத் தயாரிப்பதற்காக, அலபாமாவின் வடமேற்கு மூலையில் உள்ள மசல் ஷோல்ஸ் என்ற இடத்தில் அமெரிக்க அரசு இரண்டு தொழிற்சாலைகளை அமைத்தது. அவற்றுக்கு மின்சாரம் தருவதற்காக 1918இல் வில்சன் அணையைக் கட்டத் தொடங்கியது. அணை எழும்ப முன்னரே போர் முடிந்துவிட்டது. வேலையற்றுக் கிடந்த தொழிற்சாலைகளையும் பாதியில் நின்ற அணையையும் தன்னிடம் தந்துவிடுமாறு 1921இல் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்ட் கேட்டார். தொழிற்சாலைகளுக்கு அவர் பேசிய விலை 50 இலட்சம் டொலர். அரசு அவற்றுக்குச் செலவிட்டதோடு ஒப்பிட்டால் அது பேரீச்சம்பழத்துக்குப் பழைய இரும்பு போடுகிற விலைதான். நெப்ராஸ்கா மாநிலத்தின் செனட்டரான ஜோர்ஜ் நொரிஸ் அதனை விடாப்பிடியாக எதிர்த்து நின்று, ஆறு பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும் என்று இருமுறை சட்டமூலம் நிறைவேறச் செய்தார். இரண்டு ஜனாதிபதிகள் அவற்றைத் தடுத்தார்கள். மூன்றாவதாக வந்த ரூஸ்வெல்ட் 1933 மே 18 அன்று கையெழுத்திட்டார்.

அச்சட்டத்தின் புதுமை அணை கட்டியதில் இல்லை, அணைகள் அதற்கு முன்பும் இருந்தன. வெள்ளத் தடுப்பு, படகுப் போக்குவரத்து, மின்சாரம், உரம், மண்ணரிப்பு, நோய்த் தடுப்பு ஆகிய அனைத்தையும், ஏழு மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் ஓர் ஆற்றுப் படுகை முழுவதற்கும், ஒரே சபையின் கையில் கொடுத்ததே புதுமை. அக்காலத்தில் அமெரிக்காவின் பண்ணை வீடுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. வட அலபாமாவில் துணி துவைப்பதற்குக் கிணற்றில் இருந்து நீர் சுமந்து, விறகு மூட்டி, கரி இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிய பெண்களுக்கு மின்கம்பம் வீட்டு வாசலுக்கு வந்தது என்ன மாற்றம் என்பதை, எமது கிராமங்களில் அதே மாற்றத்தைக் கண்ட வாசகியருக்கு விளக்கத் தேவையில்லை.

மலேரியா விடயத்தை மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். 1933இல் அந்தப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேருக்கு மலேரியா இருந்தது. அணைகள் கட்டினால் தேங்கும் நீரில் நுளம்பு பெருகும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது: நுளம்பு பெருகும் பருவத்தில் நீர்த்தேக்கத்தின் மட்டத்தை ஓரளவு உயர்த்துவதும் இறக்குவதுமாக இருந்தால், கரையோரப் புற்களிடையே வளரும் குடம்பிகள் தரையில் தங்கிக் காய்ந்துபோகும், அல்லது திறந்த நீரில் மீன்களுக்கு இரையாகும். மருந்துத் தெளிப்பும் சேர்ந்துகொள்ள, 1947 அளவில் அந்நோய் அங்கே இல்லை என்ற நிலை உருவாயிற்று. அதே முப்பதுகளில், 1934–35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேரைப் பறிகொடுத்த இலங்கையில் இந்தச் செய்தியை அதிகாரிகள் எவ்வளவு ஆவலோடு படித்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம்.

1949இல் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபை, டீ.வீ.ஏ.யை முன்மாதிரியாகக் கொண்டது. இங்கினியாகலை அணையைக் கட்டும் ஒப்பந்தம் மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குச் சென்றது. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. டென்னசியில் அணை நீர் ஊர்களை மூழ்கடித்து மக்களை வெளியேற்றியது. நிலச் சொந்தக்காரருக்கு விலை கிடைத்தது, விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுதவருக்குக் கிடைக்கவில்லை. சபை தானே அமைத்த நொரிஸ் என்ற புதிய மாதிரி நகரில் கறுப்பினக் குடும்பங்களுக்கு இடமளிக்கவும் இல்லை. கல்லோயாவிலோ வெளியில் இருந்து மக்கள் கொண்டுவந்து குடியேற்றப்பட்டார்கள். அது 1956இல் இனக் கலவரம்வரை எப்படிக் கொண்டுபோய் விட்டது என்பது இந்த நாட்டுத் தமிழ் வாசகருக்குத் தெரிந்ததே.

அமெரிக்காவிலும் ஒரு பேர்மிங்ஹாம் இருக்கிறதாமே, அங்கேயும் இரும்புத் தொழில்தானாமே? பெயரைப் பார்த்துத் தொழில் வந்ததா, தொழிலைப் பார்த்துப் பெயர் வந்ததா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

தொழிலை எதிர்பார்த்துப் பெயர் வைத்தார்கள். 1871இல், இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கும் ஒரு வயல்வெளியில் நகரை நிறுவியவர்கள், இங்கிலாந்தின் இரும்பு நகரத்தின் பெயரை முன்கூட்டியே சூட்டிவிட்டார்கள். அவர்களின் துணிவுக்குக் காரணம் நிலத்தடியில் இருந்தது. இரும்பு உருக்குவதற்கு இரும்புத்தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றும் வேண்டும். உலகின் பெரும்பாலான இரும்பு நகரங்கள் இவற்றில் ஒன்றையாவது வெகுதூரத்தில் இருந்து கப்பலிலோ ரயிலிலோ கொண்டுவருகின்றன. பேர்மிங்ஹாமில் மூன்றும் சில மைல்களுக்குள் கிடைத்தன. நகருக்குத் தெற்கே நீண்டு கிடக்கும் சிவப்பு மலை என்ற குன்றின் நிறமே அதன் தாதுவின் நிறம். மிக வேகமாக வளர்ந்ததால் மந்திர நகரம் என்று அதற்குப் பட்டப்பெயர் வந்தது. 1950இல் அங்கே மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள்.

வேலை எப்படி இருந்தது என்பதை ஸ்லொஸ் என்ற ஊதுலையில் பார்க்கலாம். 1882இல் மூட்டப்பட்டு 1971இல் அணைக்கப்பட்ட அது, இப்போது காட்சிக்கூடமாக நிற்கிறது. பழைய முறையில், உலையின் அடியில் களிமண்ணால் அடைத்த துவாரத்தைத் துளைத்துத் திறந்ததும் உருகிய இரும்பு மணல் தரையில் வெட்டிய பெரிய வாய்க்காலில் ஓடி, அதன் இருபுறமும் உள்ள சிறு குழிகளுக்குள் பாயும். தாய்ப்பன்றியிடம் குட்டிகள் வரிசையாகப் பால் குடிப்பதைப் போன்ற அந்தத் தோற்றத்தால்தான் அந்த இரும்புக்கு ஆங்கிலத்தில் பன்றி இரும்பு என்ற பெயர் நிலைத்தது. ஆறிய கட்டிகளைச் சம்மட்டியால் உடைத்துப் பிரித்து, கையால் தூக்கி, வண்டியில் ஏற்ற வேண்டும். மரத்தாலான அடி வைத்த சப்பாத்து இல்லாமல் அந்த மணலில் கால் வைக்க முடியாது. இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். மேற்பார்வையும் இயந்திரம் இயக்கும் வேலையும் வெள்ளையருக்கு என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. குளிக்கும் இடமும் வேறு, நேரம் பதியும் இடமும் வேறு. நிலக்கரிச் சுரங்கங்களின் முந்திய கதை இதனிலும் கொடியது. சிறைக் கைதிகளைக் கூலிக்கு விடும் முறையை அமெரிக்க மாநிலங்களுள் கடைசியாகக் கைவிட்டது அலபாமாவே. அதற்கு 1928ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

இத்தனை வளம் இருந்தும் பேர்மிங்ஹாம் ஏன் வடக்கின் பெரிய உருக்கு நகரமான பிட்ஸ்பர்க் போல ஆகவில்லை என்று கேட்டால், அதற்கு விலைப்பட்டியலில் ஒரு பதில் உண்டு. 1907இல் அப்பகுதியின் மிகப் பெரிய இரும்பு நிறுவனத்தை யு.எஸ். ஸ்டீல் வாங்கியது. உருக்கு எங்கே வார்க்கப்பட்டாலும் அது பிட்ஸ்பர்க்கில் இருந்து ரயிலில் வந்ததாகக் கருதி அந்த விலையையும் ரயில் கட்டணத்தையும் வசூலிக்கும் வழக்கம் அத்தொழிலில் இருந்தது; பேர்மிங்ஹாம் உருக்குக்கும் அதன் வாசலிலேயே மேலதிக விலை சுமத்தப்பட்டது. 1924இல் வர்த்தக ஆணையம் அதனை நிறுத்த உத்தரவிட்டது என்றாலும், தெற்கின் தொழிற்சாலைகள் பக்கத்து உருக்கை விட்டு வடக்கில் வேர்விட்டிருந்தன. எமது எண்ணத்தில் அம்மாநிலத்தின் வறுமைக்கு நிலமோ மனிதர்களோ காரணமில்லை. கணக்கு எழுதப்பட்ட இடம் வேறாக இருந்ததே பெரிய காரணம். தேயிலையை இங்கே பறித்து விலையை லண்டனில் பேசிய நாட்டில் இருந்துகொண்டு இதனைப் புரிந்துகொள்வது கடினமில்லை.

சிவப்பு மலையின் உச்சியில் நெருப்புக்கும் கொல்லுலைக்கும் உரிய உரோமானியக் கடவுளான வல்கனின் சிலை நிற்கிறது. 56 அடி உயரமான இதுவே உலகின் மிகப் பெரிய வார்ப்பிரும்புச் சிலை. 1904 சென் லூயிஸ் கண்காட்சிக்காக வார்க்கப்பட்டு, முப்பதுகளின் இறுதியில் மலையேறியது. 1946இல் அதன் கையில் ஒரு விளக்கைப் பொருத்தினார்கள்: நகரில் வீதி விபத்து மரணம் இல்லாத நாளில் அது பச்சையாக எரிந்தது, யாராவது இறந்திருந்தால் சிவப்பாக எரிந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் வாசலுக்கு வந்து மலையைப் பார்ப்பது அந்நகர மக்களின் வழக்கமாயிற்று. காலி வீதியில் அப்படி ஒன்றை நட்டால் பச்சை எத்தனை நாள் எரியும் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளட்டும்.

பயிரை அழித்த பூச்சிக்கு ஓர் ஊரில் சிலை வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் ஆசிரியை சொன்னார். உண்மையா?
– தெகிவளையில் இருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருவர்

உண்மை. ஊரின் பெயர் என்டர்பிரைஸ், அலபாமாவின் தென்கிழக்கில் உள்ளது. பருத்திக் காயைத் துளைத்து அதற்குள் முட்டையிடும் சிறிய கூன்வண்டு ஒன்று மெக்சிகோவில் இருந்து வடக்கே பரவி 1910இல் அலபாமாவுக்குள் நுழைந்தது. பருத்தி ஒன்றையே நம்பியிருந்த விவசாயிகள் சில ஆண்டுகளுக்குள் கடனில் மூழ்கினார்கள். வேறு வழியின்றி நிலக்கடலைக்கு மாறினார்கள். நாம் காலிமுகத்திடலில் சரை கட்டி வாங்குகிற அதே கச்சான்தான். அது நன்றாக விளைந்து பணமும் தந்தது. ‘இந்த வண்டு வராமல் இருந்தால் நாம் இன்னும் பருத்தியிலேயே கிடந்திருப்போம்’ என்று எண்ணிய ஊரார், 1919 டிசெம்பரில் நடுச்சந்தியில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். முதலில் வெறும் பெண் சிலையே இருந்தது. அவள் தலைக்கு மேல் ஏந்தியிருக்கும் வண்டு 1949இல்தான் சேர்க்கப்பட்டது. அதனைப் பலமுறை திருடியும் இருக்கிறார்கள்.

நிலக்கடலையோடு ஜோர்ஜ் வொஷிங்டன் கார்வரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடிமைத் தாய்க்குப் பிறந்த அவர், 1896இல் அலபாமாவில் கறுப்பினத்தவருக்கான டஸ்கிகீ கல்லூரிக்கு வந்து, 1943இல் இறக்கும்வரை அங்கேயே விவசாய ஆராய்ச்சி செய்தார். கச்சான் வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பரீட்சையில் எழுதிவிட வேண்டாம், அது தவறு. ஆண்டாண்டாகப் பருத்தி விளைத்து நைதரசனை இழந்த மண்ணில் கடலையையும் அவரை இனங்களையும் மாற்றி மாற்றி விதைக்க வேண்டும் என்று ஏழைக் குடியானவருக்கு விளங்கும் சிறு பிரசுரங்களில் எழுதியதும், விதையும் கருவிகளும் ஏற்றிய ஒரு நடமாடும் வண்டிப் பள்ளிக்கூடத்தைக் கிராமங்களுக்கு அனுப்பியதும் அவருடைய பெரிய பணிகள்.

அந்தக் குடியானவர்களில் மிகப் பலர் வாரத்துக்கு உழுதவர்கள். விதை, கோவேறு கழுதை, மாவு, துணி ஆகிய அனைத்தையும் முதலாளியின் கடையில் கடனாக வாங்கி, அறுவடை முடிந்ததும் முதலாளியே பார்க்கும் கணக்கில், இவ்வாண்டும் சற்றே குறைகிறது என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவார்கள். கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. கடன் தீர்ந்ததற்கான துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி எமது தோட்டங்களில் 1921 வரை இருந்த துண்டு முறையைப் பாட்டன் பாட்டியிடம் கேட்டறிந்தவர்களுக்கு இது பழகிய கதை.

அலபாமாவில் பிறந்த புகழ்பெற்றவர்கள் யார் யார்? பொது அறிவுப் போட்டிக்குத் தேவை.
– மருதானை வாசகர்

போட்டிக்கு என்பதால் சுருக்கமாகவே சொல்கிறோம். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஜெஸி ஓவன்ஸ், குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் ஆகிய இருவரும் வாரக்குடிகளின் பிள்ளைகள். இருவரையும் குடும்பத்தார் சிறுவயதிலேயே வடக்கே கொண்டுபோய்விட்டார்கள். மொபில் துறைமுக நகரம் பேஸ்போல் வீரர் ஹாங்க் ஆரனைத் தந்தது. பார்வையும் கேள்வியும் இழந்தும் கற்றுத் தேர்ந்த ஹெலன் கெல்லர், மசல் ஷோல்ஸுக்குப் பக்கத்து ஊரான டஸ்கம்பியாவில் 1880இல் பிறந்தவர். பாடகர் நட் கிங் கோல் அலபாமாவின் தலைநகரான மொன்ட்கொமெரியில் பிறந்தவர். 1956 ஏப்ரலில் பேர்மிங்ஹாம் மேடையில் வெள்ளையர் பார்வையாளருக்குப் பாடிக்கொண்டிருந்தபோதே வெள்ளை இனவாதிகள் அவரைத் தாக்கினார்கள். பிறந்த மண்ணில் மீண்டும் அவர் பாடவே இல்லை.

வானொலியில் ஜிம் ரீவ்ஸைக் கேட்டு வளர்ந்த மூத்த வாசகர்களுக்கு ஒரு பெயரைக் கூடுதலாகச் சொல்லலாம். அதே கிராமியப் பாடல் மரபில் அவருக்கு முந்தியவரான ஹாங்க் வில்லியம்ஸ், 1923இல் அலபாமாவின் ஒரு மரம் வெட்டும் கிராமத்தில் பிறந்து, தெருவில் பாடித் திரிந்த ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினக் கலைஞரிடம் கிற்றார் பழகி, 1953 புத்தாண்டு தினத்தில் 29 வயதில் காரின் பின் ஆசனத்தில் இறந்துகிடந்தார்.

களைத்துப் போயிருந்த ஒரு வயதான அம்மா பஸ்ஸில் எழும்ப மறுத்ததால் அமெரிக்காவே மாறியது என்று படித்திருக்கிறேன். இது நம்பக்கூடியதாக இருக்கிறதா?
– பம்பலப்பிட்டி வாசகி

உங்கள் ஐயம் சரியானது. 1955 டிசெம்பர் முதலாம் திகதி மொன்ட்கொமெரியில், பஸ்ஸில் வெள்ளையருக்காக ஆசனத்தை விட்டு எழும்ப மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ் அம்மையாருக்கு வயது 42. ஒரு பெரிய கடையில் தையல் வேலை செய்தார். அன்று உடல் அலுப்பு வழக்கத்தைவிட அதிகமாக இருக்கவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். கறுப்பின உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் பன்னிரண்டு ஆண்டுகள் செயலாளராக இருந்தவர் அவர். அதே ஆண்டு மார்ச்சில் 15 வயதான கிளோடெட் கொல்வின் என்ற மாணவி இதே காரணத்துக்காகக் கைதாகியிருந்தார். ஆகவே அன்று மாலை நடந்தது திடீர் விபத்தில்லை. காத்திருந்த பஞ்சில் விழுந்த பொறி.

அன்றிரவே அலபாமா மாநிலக் கல்லூரி ஆசிரியையான ஜோ ஆன் றொபின்சன், இரு மாணவர்களின் துணையோடு விடியும்வரை கல்லூரியின் ரோனியோ இயந்திரத்தைச் சுழற்றி, பஸ்களைப் பகிஷ்கரிக்குமாறு கேட்கும் அறிவித்தல்களை ஒரு தாளுக்கு மூன்று துண்டாகப் பல்லாயிரம் அடித்துவிட்டார். ரயில் சேவகர் தொழிற்சங்கத்தில் ஊறிய ஈ. டி. நிக்சன் பிணை எடுத்தார். ஊருக்கு வந்து அதிக காலமாகாத 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங் பகிஷ்கரிப்பின் தலைவரானார். ஊருக்குப் புதியவர், ஆகவே யாருக்கும் பழைய பகை இல்லை என்பதும் அந்தத் தெரிவுக்கு ஒரு காரணம்.

பஸ்ஸின் நடைமுறையை அறிந்தால் கோபம் புரியும். முன்னால் உள்ள பத்து ஆசனங்கள் வெள்ளையருக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும்; காலியாக இருந்தாலும் கறுப்பினத்தவர் உட்கார முடியாது. முன் கதவால் ஏறி 10 சதம் கட்டிவிட்டு, மீண்டும் இறங்கி, பின் கதவுக்கு நடந்து ஏற வேண்டும். சில சாரதிகள் அதற்குள் வண்டியை எடுத்துவிடுவார்கள். இத்தனைக்கும் பஸ்ஸில் சென்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர். வெள்ளையர் வீடுகளுக்குச் சமைக்கவும் துவைக்கவும் போய்வந்த பெண்களே அவர்களில் பெரும்பாலோர். அந்தப் பத்துச் சதம்தான் கம்பெனியின் உயிர். அதனை அவர்கள் 381 நாள் நிறுத்திவைத்தார்கள்.

எதில் போனார்கள்? பலர் நடந்தார்கள். மற்றவர்களுக்காக ஏறத்தாழ 300 கார்கள் நேர அட்டவணையோடு ஓடின. உள்ளூர்க் காப்புறுதி நிறுவனங்கள் கைவிட்டபோது லண்டன் லொய்ட்ஸில் காப்புறுதி பெற்றார்கள். பெற்றோலுக்குப் பணம்? ஜோர்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண் தன் தோழியரைச் சேர்த்துக்கொண்டு, பொரித்த கோழி சான்ட்விச்சும் கேக்கும் செய்து வீடுவீடாகவும் முடிதிருத்தும் கடைகளிலும் விற்று, ஒவ்வொரு கூட்டத்திலும் சில்லறையைக் கொண்டுவந்து கொட்டினார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்று சொல்லக்கூடியதாக, அந்தக் குழுவுக்கு எங்கிருந்துமில்லாக் கழகம் என்றே பெயர் வைத்திருந்தார்கள்; கேக் வாங்கிய வெள்ளைக்கார எசமானிகளின் காசும் அதில் இருந்தது. 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பஸ் பிரிவினை செல்லாது என்றது. டிசெம்பர் 21 அன்று மக்கள் மீண்டும் முன் கதவால் ஏறினார்கள்.

அந்தக் காலத்து அலபாமாவில் கறுப்பின முதலாளி என்று ஒருவராவது இருந்தாரா?
– புறக்கோட்டை வியாபாரி ஒருவர்

இருந்தார். ஆர்தர் ஜோர்ஜ் கஸ்டன், 1892இல் பிறந்தவர், அடிமைகளின் பேரன். பேர்மிங்ஹாமுக்கு அருகே சுரங்கத் தொழிலாளியாக இருந்தபோது, தாய் கட்டித் தந்த மதியச் சாப்பாட்டின் மணத்துக்கு மற்றவர்கள் வந்து நிற்பதைக் கண்டு சாப்பாட்டுப் பொதி விற்கத் தொடங்கினார். பிறகு சம்பள நாளுக்கு முன் கை காய்ந்தவர்களுக்கு வட்டிக்குக் கொடுத்தார். சம்பள நாளில் விதவைகள் வந்து புருசனை அடக்கம் செய்யப் பணம் சேர்ப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பெரிய யோசனை பிறந்தது. 1923இல் அவர் தொடங்கியது, எமது ஊர்களில் மரணாதாரச் சங்கம் என்கிறோமே, அதேதான்: வாரச் சந்தா சில சதம், இறந்தால் கௌரவமான அடக்கம். அது காப்புறுதி நிறுவனமாக வளர்ந்தது. சவப்பெட்டியும் மலர்ச்சாலையும் தனதாக்கினார். வணிகக் கல்லூரி, 1954இல் ஹொட்டல், 1957இல் சேமிப்பு வங்கி என்று ஒன்றின் தேவையில் இருந்து மற்றொன்று பிறந்தது. வெள்ளையர் ஹொட்டல்கள் இடம் தராததால்தான் அவருடைய ஹொட்டலுக்கு வாடிக்கையாளர் கிடைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1963இல் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஹொட்டலில் தங்கியே, நிறப் பிரிவினைக்கு எதிரான பேர்மிங்ஹாம் போராட்டத்தை நடத்தினார். கஸ்டனுக்கு ஊர்வலத்தில் நம்பிக்கை குறைவு. வெள்ளைய அதிகாரிகளோடு பேசித் தீர்க்கலாம் என்பதே அவருடைய எண்ணம். இளைஞர்கள் அவரைக் கடுமையாகத் திட்டினார்கள். அந்த மே மாதம் பொலிஸ் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் பள்ளிப் பிள்ளைகள் மீது ஏவியபோது, தன் அலுவலக ஜன்னலில் நின்று அதைக் கண்ட பிறகு அவருடைய பேச்சு மாறியது. சில நாட்களில் அவருடைய ஹொட்டலிலேயே குண்டு வெடித்தது. முதுமையில் காப்புறுதி நிறுவனத்தை மிகக் குறைந்த விலைக்குத் தன் ஊழியர்களுக்கே விற்றுவிட்டு, 1996இல் 103ஆம் வயதில் காலமானார்.

என் பாட்டனார் 1947இல் வாக்களித்தவர், 1952இல் வாக்களிக்க முடியாதவர். அலபாமாவிலும் இப்படித்தான் பறித்தார்களா?
– ஹட்டனைச் சேர்ந்தவர், இப்போது வத்தளையில்

பறித்த விதம் வேறு. இங்கே 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையை எடுத்தது, அதனோடு வாக்கும் போயிற்று; அந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003 வரை ஆயிற்று. அலபாமாவில் கறுப்பினத்தவர் பிரஜைகள் என்பதை எவரும் மறுக்கவில்லை. 1901 அரசியலமைப்பு வாக்காளர் பதிவுக்கு முன்னால் எழுத்தறிவுப் பரீட்சை, சொத்து, தலைவரி என்று வேலி கட்டியது. தலைவரி ஆண்டுக்கு ஒன்றரை டொலர். கட்டாத ஆண்டுகள் சேர்ந்துகொண்டே போய் 36 டொலர் வரை ஏறும். வாரக்குடி ஒருவர் ஆண்டு முழுவதும் ரொக்கமாகக் காணாத தொகை அது. ஏழை வெள்ளையரும் ஆயிரக்கணக்கில் அதே வேலியில் சிக்கினார்கள். பரீட்சையில் யார் தேறுவது என்பதைப் பதிவாளர் முகத்தைப் பார்த்து முடிவு செய்தார். மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பினத்தவராக இருந்த லவுண்டஸ் மாவட்டத்தில், 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளராகப் பதிவாகியிருக்கவில்லை. அந்த ஆண்டு மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டுச் சென்ற ஊர்வலத்தினரைப் பொலிஸார் அடித்து வீழ்த்திய காட்சி தொலைக்காட்சியில் போனது. ஓகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய ரொக்கெட்டை அலபாமாவில் செய்தார்களாமே? பருத்தி விளைந்த ஊரில் அது எப்படி?
– கல்கிசை வாசகர்

ஹன்ட்ஸ்வில் என்ற ஊர். 1950இல் அங்கே 16,000 பேர் மட்டுமே. பருத்தி ஆலைகளையும், ஓடைகளில் வளரும் ஒருவகைக் கீரையையும் தவிர வெளியே பெயரில்லை. போர்க்காலத்தில் அமைத்த ஆயுதக் களஞ்சியம் சும்மா கிடந்ததாலும், பக்கத்தில் டீ.வீ.ஏ.யின் மின்சாரம் மலிவாகக் கிடைத்ததாலும், இராணுவம் தன் ரொக்கெட் பிரிவை அங்கே கொண்டுவந்தது. அதனோடு ஜேர்மன் ரொக்கெட் வல்லுநர் வேர்னர் வொன் பிரௌனும் நூற்றுக்கு மேற்பட்ட ஜேர்மனியரும் வந்தார்கள். 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் முதற் செய்மதியை ஏற்றிய ரொக்கெட் அவர்களுடையது. 1960இல் மார்ஷல் விண்வெளி நிலையம் தொடங்கியபோது ஊரின் தொகை 72,000. இன்னும் பத்து ஆண்டுகளில் அது ஏறத்தாழ இரட்டித்தது. 363 அடி உயரமான சந்திர ரொக்கெட்டான சட்டர்ன் ஐந்தின் கீழ்ப் பகுதியைத் தரையில் கட்டிவைத்துச் சோதிக்கும் நாட்களில் ஊர் முழுவதும் ஜன்னல் கண்ணாடிகள் அதிரும்.

வொன் பிரௌனைப் போற்றுகிறவர்கள் ஒன்றை விழுங்கிவிடுவார்கள். ஜேர்மனியில் அவர் வடிவமைத்த வி-2 ஏவுகணைகளை நிலத்தடியில் செய்தவர்கள் டோரா முகாமின் கைதிகள்; அங்கே ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள். ஹன்ட்ஸ்வில் அவரிடம் அதைப் பற்றி அதிகம் கேட்கவில்லை.

கொழும்புக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. 1956இல் இலங்கைக்கு வந்து, பின்னர் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், வொன் பிரௌனின் நண்பர். கடலடி நீச்சலில் எடையின்மையை உணரலாம் என்று சொல்லி, வொன் பிரௌனைத் தண்ணீருக்குள் இறக்கியதும் கிளார்க்தான். 1969 ஜூலையில் மனிதரைச் சந்திரனுக்கு ஏற்றிய ரொக்கெட் புறப்பட்டபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் அமர்ந்து விளக்கம் சொன்னவர்களில் ஒருவராகவும் அவர் இருந்தார். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி இல்லாததால், அவருடைய அயலவர்கள் அதனை வானொலியில்தான் கேட்டார்கள்.